வயலுக்கு மேலே போன கனூ

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். துடுப்பை எப்படிப் பிடிப்பது, கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்பதையெல்லாம் நீங்கள் தண்ணீரில் இறங்கிக் கற்றுக்கொள்வீர்கள். அதைப் பேசிப் புரியவைக்க என்னால் ஆகாது. படகு ஷெட்டில் எனக்கு இருந்த வேலை வேறு. வருகிற விருந்தாளிக்கு, காலை நீட்டி உட்காரும் கயாக்கா, பலகையில் உட்காரும் கனூவா, நின்றபடி போகும் பேடில் போர்டா என்று முடிவு சொல்கிற வேலை. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், டவுன் பஸ்ஸில் எதிரே இருப்பவரைப் பார்த்து இவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று மனசு யோசிக்கிறது. பழக்கம் போக மாட்டேன் என்கிறது.

வருகிற எல்லாரும் போனில் ஒரு படத்தைக் காட்டி, இதுதான் வேண்டும் என்பார்கள். நான் போனைப் பார்க்கமாட்டேன். ஆட்டோவிலிருந்து அவர்கள் இறங்குவதைப் பார்ப்பேன். கம்பியைப் பிடித்து இறங்குகிறாரா, குதிக்கிறாரா, இறங்கியதும் மனைவியின் பையை வாங்கிக்கொள்கிறாரா, முன்னால் நடந்துவிடுகிறாரா என்று பார்ப்பேன். அப்புறம் ஷெட் தரையில் காலை நீட்டி உட்காரச் சொல்வேன். உட்கார்ந்தபின் எழுந்திருக்கச் சொல்வேன். "மேடம், இது யோகா கிளாஸா?" என்று கேட்டவர்கள் உண்டு. தரையில் காலை நீட்டி உட்கார முடியாதவருக்குக் கயாக் கொடுக்காதீர்கள். உட்கார முடியும், ஆனால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும் என்றால், திரும்பி வரும்போது கரையில் கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை இரட்டைக் கயாக்கில் ஏற்றும்போது மாதாவை வேண்டிக்கொள்வேன். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தப்பு மட்டும்தான் தெரியும். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் ஒருவர் துடுப்பே போடவில்லை என்று தோன்றும். போகும்போது கைகோத்துப் போனவர்கள் வரும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

பேடில் போர்டு நல்ல பொருள்தான். பவளத்திட்டுக்கு மேல், தெளிந்த தண்ணீரில், நின்றபடி கீழே பார்த்துக்கொண்டே போவது எனக்கும் பிடிக்கும். ஆனால் முதலை எச்சரிக்கை போர்டு வைத்திருக்கிற, கடல் உள்ளே புகுந்து வரும் கழிக்குப் பேடில் போர்டைக் கொண்டுபோகக் கூடாது. பேடில் போர்டிலிருந்து விழுவதும் ஒரு பாடம். அந்தப் பாடத்தை அங்கே படிக்க முடியாது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பி விடாமல் வாதாடினார். "எனக்கு நல்லா ஸ்விம்மிங் தெரியும் மேடம்." நான் சொன்னேன்: "தெரியும், சரி. அதுக்கும் தெரியுமே தம்பி." கயாக்கில் ஏறிக்கொண்டார்.

இதெல்லாம் பழகப் பழக உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒரு கனூவைப் பற்றி. யாருக்கு எந்தப் படகு என்று நான் எடுத்த எத்தனையோ முடிவுகளில், இன்றும் நினைத்தால் உடம்பு சிலிர்ப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

நம் தீவில், சௌல்தாரிப் பக்கம் நாம் விருந்தாளிகளைக் கூட்டிப்போகிற அந்த அகலமான தண்ணீர் இருக்கிறதே, அதைக் கழி என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது வயல். சுனாமி வந்த அன்று, அலைக்கு முன்னால் பூமி குலுங்கியதில் இந்தப் பக்கத்து நிலம் கீழே இறங்கிவிட்டது. கடல் கழி வழியாக உள்ளே வந்தது, வந்தது திரும்பிப் போகவில்லை. இப்போதும் கடல் ஏற்றத்தில் நெல் விளைந்த இடத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பட்டுப்போன தென்னைகள் மட்டையில்லாமல் நடுவே நிற்கும். துடுப்பு போடும்போது திடீரென்று கீழே ஏதோ தட்டும். வரப்பு. யாரோ ஒருவர் மண்வெட்டியால் அணைத்துக் கட்டிய வரப்பு. எத்தனை தடவை போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் நான் துடுப்பைத் தூக்கிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் இரண்டு பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சண்முகம், ஐம்பது தாண்டியவர், அபர்டீன் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவர் சட்டென்று இறங்கி நாலடி தள்ளி நின்றுகொண்டார். உள்ளே இருந்தவர் பரமசிவம். கப்பல் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போயிருந்தது, இடது காலை இழுத்து வைத்தார். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர்தான் பெரியவருக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

"இவரு மெயின்லேண்டுக்குப் போறாரு. மதுரையில மக வீட்டோட" என்றார் சண்முகம் என்னிடம். "போறதுக்கு முன்னால எங்க அப்பா வயலைப் பாக்கணுமாம். மதினி போன் பண்ணுச்சு, அதுக்காக வந்தேன். ரெண்டு தனித்தனி கயாக் குடுங்க. நான் எம்பாட்டுக்குப் போயிக்கிறேன். இவரை நீங்க கூட்டிட்டு வாங்க."

பரமசிவத்தைத் தரையில் உட்காரச் சொல்லவே இல்லை. ஸ்டூலில் உட்காரவே அவர் சுவரைப் பிடித்தார். கயாக்கில் இடுப்புக்குச் சமமாகக் காலை நீட்டி உட்கார வேண்டும். எழுந்திருக்க இரண்டு கையும் வேண்டும். அவருக்கு அது ஆகாது. கனூவில் பெஞ்சு மாதிரிப் பலகை உண்டு, நடுவில் இடம் உண்டு, ஆளைத் தூக்கி வைக்கலாம், தூக்கி எடுக்கலாம். நடுப்பலகையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். பின்னால் நான். முன்னால் துடுப்பு போட ஓர் ஆள் வேண்டும்.

நம் ஷெட்டில் வேலை பார்க்கும் பிஜோய் அங்கே சும்மாதான் நின்றுகொண்டிருந்தான். அவனை முன்னால் உட்கார வைத்திருக்கலாம். ஆனால் கனூவுக்குள் இருக்கிறவனால் கனூவைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றுகிறவன் வெளியே, தனிப்படகில், இலேசாக இருக்க வேண்டும். அதனால் பிஜோய்க்கு ஒற்றைக் கயாக், சண்முகத்துக்குக் கனூவின் முன்பலகை என்று சொல்லிவிட்டேன்.

"ஒரே படகுலயா?" என்றார் சண்முகம்.

"ஆமா அண்ணாச்சி. இல்லாட்டி உங்க அண்ணன் கரையிலதான் நிக்கணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். பரமசிவம் என்னைப் பார்த்துக் கோணிய வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏற்றம் நிறைந்து நின்ற நேரத்தில் உள்ளே போனோம். காற்று இல்லை. வயல் முழுக்க வானம் கிடந்தது. முன்னால் தம்பி, அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்பு போட்டார். நடுவில் அண்ணன், நல்ல கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, "இது செட்டியார் வயலு... இது நம்ம மாட்டுக்கொட்டாய்... இங்கிட்டுத்தான் களம்" என்று தண்ணீரைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? களம் என்று சொன்ன இடத்தைத் தாண்டும்போது துடுப்பை மெதுவாகப் போட்டேன்.

வயலின் நடுவில் அவர்கள் கிணறு இருந்தது. அதன் சுவர் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நின்றது. எளிதில் மக்காத படாக் மரத்தில் இரண்டு கால்கள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு சட்டம், அதில் துருப்பிடித்த ராட்டினம். சாத்தம் மர மில்லில் வேலை பார்த்த அவர்கள் அப்பா கொண்டுவந்து நட்ட மரமாம். தென்னை எல்லாம் செத்துப்போன அந்த உப்புத் தண்ணீரில் மரக்கால் இரண்டும் நேற்று நட்டதுபோல் நின்றன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வட்டச் சுவருக்குள் குட்டி மீன்கள் கூட்டமாக ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன. பரமசிவம் நல்ல கையை நீட்டிக் கிணற்றுச் சுவரைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

"யாரு கெணறுன்னு கோர்ட்டு சொல்றதுக்குள்ள கடல் வந்து எடுத்துக்கிருச்சு" என்றார் என்னிடம்.

முன்னால் இருந்தவர் திரும்பாமலே பேசினார். "வாய்க்காலுக்கு மேக்கால இருக்கறதெல்லாம் எனக்குன்னுதான் அப்பா சொன்னாரு. கெணறு மேக்கால இருக்கு. இதுல கோர்ட்டு என்ன சொல்ல இருக்கு?"

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வயலை இரண்டாகப் பிரித்தது ஒரு வாய்க்கால். அதற்குக் கிழக்கே அண்ணனுக்கு, மேற்கே தம்பிக்கு. அண்ணன் கப்பலில் போய்விட்டுத் திரும்பிவந்தபோது, கிணற்றுக்கு மேற்கே அப்பா வெட்டியிருந்த வாய்க்காலைக் காணோம். கிணற்றுக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் ஓடியது. அப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். கிணறு தம்பி பக்கம் ஆகிவிட்டது. எப்போதும் அது கிழக்கேதான் ஓடியது என்று தம்பி சாதித்தார், சாட்சிக்கும் ஆள் கொண்டுவந்தார். இல்லை என்று அண்ணன் அலைந்தார். அந்தக் கேஸ் நடக்கும்போதே நிலம் தண்ணீருக்குள் போய்விட்டது. பேச்சுவார்த்தை மட்டும் நின்றது நின்றதுதான். இதை அண்ணன் எனக்கு மெல்லிய குரலில், குழறிக் குழறிச் சொன்னார். தம்பி காது கேளாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கதையில் நேரம் போய்விட்டது.

"தீதீ! பானி உதர் ரஹா ஹை!" என்று பிஜோய் கயாக்கிலிருந்து கத்தினான். அக்கா, தண்ணீர் இறங்குகிறது என்கிறான். நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் ஒரு வரப்பு முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தது.

வெளியே கடலில் வற்றத்தின்போது தண்ணீர் நிதானமாக இறங்கும். வயலுக்குள் அப்படி இல்லை, இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வரப்புகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் வரப்பு மட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு வயலும் தனித்தனிக் குளமாகிவிடும். அப்புறம் அடுத்த ஏற்றம் வரை சேற்றின் நடுவில், உச்சி வெயிலில் இருக்க வேண்டியதுதான். சேறு இடுப்பளவு. பிஜோயின் கயாக் உள்ளங்கை அளவு தண்ணீரிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்று பேர் ஏறிய கனூ போகாது. பரமசிவத்தை இறக்கி நடக்கவைக்க முடியாது. முதலை போர்டு வைத்த இடத்தில் யாரும் இறங்கவும் கூடாது. அந்த உடம்புக்குச் சரி என்று நான் கொடுத்த படகு, இந்தத் தண்ணீருக்குச் சரியில்லாமல் போனது. அந்த மனிதரை அந்த வெயிலில் உட்கார வைத்துவிடுவேனோ என்று நாலு பக்கமும் பார்த்தேன்.

வெளியேற ஒரே வழி, ஏதாவது ஆழமான கோட்டைப் பிடித்துக் கழிக்குப் போய்விடுவது. கிணற்றுக்குக் கிழக்கே அந்தக் கோடு கண்ணெதிரே தெரிந்தது. இரண்டு கரையிலும் அலையாத்திக் கன்றுகள் வரிசையாக முளைத்து, நடுவில் நேராகத் தண்ணீர். தம்பி சொன்ன அதே வாய்க்கால். கனூவை அதற்குத் திருப்பினேன். திருப்பும்போதே ஒன்று உறுத்தியது. மிதக்கிற இலைகள் அந்தப் பக்கம் போகவில்லை. எங்களைத் தாண்டி மேற்கே, ஒன்றுமே இல்லாத வெறும் தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, இந்த வாய்க்கா கழி வரைக்கும் போகுமா?" என்று பரமசிவத்திடம் கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதறவே இல்லை. "அவன்கிட்டக் கேளுங்க" என்றார்.

"சண்முகம் அண்ணாச்சி, போகுமா?"

அந்த முதுகு அசையவில்லை. துடுப்பு மடியில் கிடந்தது. கனூ இரண்டு வரிசைக் கன்றுகளுக்கு நடுவே நுழைந்தது. அடியில் சேறு உரசும் சத்தம் வந்தது.

"தீதீ, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினான் பிஜோய்.

"அண்ணாச்சி, வாயத் தொறந்து சொல்லுங்க. போகுமா, போகாதா?"

"வேண்டாம்" என்றார் சண்முகம். "திருப்புங்க. இது போகாது."

"எப்படித் தெரியும்?"

"இது நான் வெட்டினது." குரல் உடைந்திருந்தது. "முழங்கால் ஆழந்தான் இருக்கும். பாதியில நின்னுரும். அப்பா வெட்டினது கெணத்துக்கு அங்கிட்டு. மேக்கால. நெஞ்சாழம். கழி வரைக்கும் போகும். நான் மண்ணத் தள்ளித்தான் மூடுனேன். இத்தனை வருசத் தண்ணி அந்த மண்ண வச்சிருக்காது."

எனக்கு இலைகள் ஞாபகம் வந்தன. அவர் வார்த்தையை மட்டும் நம்பியிருக்கமாட்டேன். இலைகளை மட்டும் நம்பியும் போயிருக்கமாட்டேன். இரண்டும் ஒரே பக்கம் கையைக் காட்டின. துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் பின்னுக்குத் தள்ளினேன். சண்முகம் எழுந்து முழங்காலிட்டுத் தள்ளினார். பரமசிவமும் நல்ல கையால் ஒரு கன்றைப் பிடித்துத் தள்ளினார். கனூ சேற்றிலிருந்து விடுபட்டது. கிணற்றைச் சுற்றி மேற்கே போனோம். அங்கே கரையும் இல்லை, கன்றும் இல்லை, அடையாளமே இல்லை. துடுப்பை நேராகக் கீழே விட்டுப் பார்த்தேன். கை நனைகிற வரை போயும் தரை தட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு மனிதர் மண்வெட்டியால் வெட்டினார். அவர் மகன் அதை மூடினான். பூமி இறங்கியது, கடல் ஏறியது. எல்லாம் ஆன பிறகும் தண்ணீர் அந்த முதல் வாய்க்காலைத்தான் தேடிப் போய்க்கொண்டிருந்தது. எங்களையும் அதுதான் இழுத்துக்கொண்டு போனது. துடுப்பே அதிகம் போடவில்லை. நாங்கள் போகப் போக இரண்டு பக்கமும் வயல் மேலே எழுந்துவந்தது. முதலில் வரப்புகள், பிறகு வயல்கள், ஒவ்வொன்றும் சதுரம் சதுரமாக, உழுதுவிட்ட மாதிரி ஈரமாக மின்னிக்கொண்டு. கொக்குகள் இறங்கி ஆளுக்கொரு வயலில் நின்றன. வாய்க்காலுக்குள் தாழ்ந்து போன எங்களுக்கு அப்பாவின் வயல் கண்மட்டத்துக்கு மேலே தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கிறவள். அன்றைக்குக் கோயிலில் முழங்காலிடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

பரமசிவம் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆழமாத்தான் வெட்டியிருக்காரு" என்றார். முன்னால் சண்முகத்தின் தோள் குலுங்கியது. அவர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

கரைக்கு வந்ததும் சண்முகம் ஆட்டோ பார்க்கப் போனார். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் தெளிந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"உங்களுக்கு வழி தெரியும்தானே அண்ணாச்சி? முதல்லயே சொல்லியிருக்கலாமே? சேத்துல மாட்டியிருந்தா உங்க உடம்பு தாங்குமா?"

"நான் சொல்லிச் சொல்லித்தானம்மா இத்தனை வருசம் போச்சு" என்றார். "நான் சொன்னா, இல்லைன்னு சொல்லத்தான் அவனுக்குத் தெரியும். ஊருக்குப் போறதுக்குள்ள அவன் வாயால ஒரு தடவை கேட்டுட்டுப் போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்று ஒரு மனிதர் அந்தக் கனூவில் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆட்டோ வந்தது. இந்தத் தடவை சண்முகம்தான் அண்ணனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். "தலையக் குனிஞ்சுக்கங்க அண்ணே" என்றார்.

பிள்ளைகளே, படகு பார்த்துக் கொடுக்கும்போது முழங்காலைப் பாருங்கள், முதுகைப் பாருங்கள், காற்றையும் வற்றத்தையும் பாருங்கள். வயலுக்குள் கிளம்பும் முன்பே திரும்புகிற நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே போனபின் யாருடைய கதையும் உங்களைப் பிடித்துவைக்கும். அதோடு இன்னொன்று. சண்முகம் கேட்டபடி நான் தனித்தனிக் கயாக் கொடுத்திருந்தால் தம்பி அந்தச் சேற்றில் வழுக்கிக்கொண்டு தன்பாட்டுக்குக் கரைக்குப் போயிருப்பார். ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டார். சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. யாரை யாரோடு உட்கார வைக்கிறோம் என்பதும் நம் வேலைதான். அதற்கு விதி எதுவும் என்னிடம் இல்லை.

பரமசிவம் மதுரைக்குப் போனபின், நல்ல ஏற்றம் இருந்த ஒரு நாள் சண்முகம் தனியாக வந்தார். ஒற்றை ஆள்தானே என்று கயாக்கை எடுத்து வைத்தேன். கனூவே வேண்டும் என்றார். முன்பலகையில் அவர், பின்னால் நான், பக்கத்தில் பிஜோயின் கயாக். நடுப்பலகை காலியாக இருந்தது. கிணற்றுக்கு மேற்கே போனதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, திரும்பி, அந்தக் காலிப் பலகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். போனை எடுத்தார். சிக்னல் வந்து வந்து போனது. ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"அண்ணே, கேக்குதா? வாய்க்கால்ல நிக்கிறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் குழறிய குரல் வந்தது, அதில் சிரிப்பு இருந்தது.

"எந்த வாய்க்காடா?"

"அப்பா வெட்டினதுண்ணே" என்றார் சண்முகம்.